கடல் பார்த்த முகம்

ஹார்ட்லிங் முனையில் கடைசி வீடு.
மூன்று பக்கம் அட்லாண்டிக்,
நாலாவது பக்கம் தபால் பெட்டி.

புகைபோக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு
ஏணியில் பாதி இறங்கும்போதே சொன்னேன்:
மேற்கு தேவலை,
வடக்கும் தெற்கும் தாக்குப்பிடிக்கும்,
கடல் பார்த்த முகம்தான்
ரஸ்க் மாதிரி உதிர்கிறது.

வாளியில் கிடந்த செங்கல் சில்லொன்றை எடுத்து
என்னைக் கேட்காமலே நாக்கில் வைத்தார்
வெர்னா கார்க்கம்.
உப்பு, என்றார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.
மூடுபனியைக் குடிக்கும், சாரலைக் குடிக்கும்,
நவம்பர் முழுக்கக் குடித்த கல்
ஜனவரியில் ஓர் இரவு
உள்ளே இருந்ததெல்லாம் பனிக்கட்டியாகி
முகம் தெறித்து விழும்.
கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டிருக்குமே?
கேட்டதாம். நரி என்று நினைத்தாராம்.

குடித்ததை வியர்த்துவிடத்தான் சுண்ணாம்புச் சந்து.
கல்லைவிட மெத்தென்று,
கல்லுக்கு முன்னால் உதிரத் தயாராக,
நூறு வருஷமாய் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த சந்து.
"அந்த மடையை சிமெண்ட் போட்டு அடைத்திருக்கிறான்
எவனோ ஒரு மடையன்."

"வில்மட்" என்றார் வெர்னா.
"தொண்ணூற்றெட்டு ஜூலை.
ஏணியைப் பிடித்திருந்தது நான்."

வில்மட் இறந்து அப்போது பதினான்கு மாதம்.
தொப்பியைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன்.
கொட்டேஷன் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

*

உடனே தொடங்க முடியாது.
உள்ளே கரிச்சுவரில்
எச்சிலால் ஒட்டிய சுள்ளிக்கூடு, நாலு குஞ்சு.
அவை பறந்து போகும்வரை
ஒரு கல்லைத் தொடக்கூடாது. அது சட்டம்.
உறைபனி விழுந்தபின் சுண்ணாம்பு இறுகாது.
அது வேறு சட்டம்.
இரண்டுக்கும் நடுவே எனக்கு ஆறு வாரம்,
அதில் புயலுக்கு எத்தனை என்று யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் நாலு, சாரம் கட்டினோம்
நானும் ரோரி மோஷரும்.
மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும்.
உளிதான். ஓர் அங்குல ஆழம்.
மூன்றாம் நாள்
சிமெண்டுக்குள் நீலமாக ஏதோ மின்னியது.
சிப்பி ஓடு. நகத்தளவு.
பிறகு இன்னொன்று.
பிறகு ஒரு நண்டின் விரல்நுனி.

கடற்கரை மணல்.
உப்பு பாதி காற்றில் வந்திருக்கிறது,
பாதி வாளியில்.

ஓட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை சாரத்தடியில், இடிசல் குவியலருகே,
குந்தி உட்கார்ந்திருந்தார் வெர்னா.
உள்ளங்கையில் ஐந்தாறு நீலச் சில்லுகள்.
"மணல் என் யோசனை.
கடையில் வாங்கினால் பன்னிரண்டு டாலர்.
அவன் வேண்டாம் என்றான்.
இரண்டு நாள் சொன்னேன். கேட்டான்."

ரோரி சும்மா சட்டியைக் கழுவினான்,
கழுவிய சட்டியை.

*

சந்து பூசியபின் ஈரச்சாக்கு.
சுண்ணாம்பு அவசரமாகக் காயக்கூடாது.
நாங்கள் வராத ஞாயிறுகளில்
மாடி ஜன்னல் வழியே தோட்டக் குழாயை நீட்டி
அவரே நனைத்தார்,
தண்ணீர் பாதி படுக்கையறைக்குள்.

உச்சியில் புதுத் தொப்பிக்கல்,
அதன் அடிவிளிம்பில் மழை சொட்டி விழ ஒரு காடி.
கூரையும் கல்லும் சேருமிடத்தில் ஈயத் தகடு,
உப்பு ஈயத்தை ஒன்றும் செய்யாது.
வசந்தத்துக்கு வசந்தம் பைனாகுலரில் பாருங்கள், என்றேன்.
கப்பல் பார்க்க வைத்திருப்பது ஒன்று இருக்கிறது, என்றார்.

நவம்பரில் காசோலை வந்தது.
பன்னிரண்டு டாலர் குறைவு.
எதற்காக என்று எழுதும் கோட்டின் மேல்
பென்சிலில் ஒரே வார்த்தை:
மடையன்.

வங்கியில் போட்டுவிட்டேன்.